வண்டி பெரிதா, வேலை பெரிதா?

அமெரிக்காவில் ஒரு சனிக்கிழமை காலை ஹோம் டிப்போ கடையின் பார்க்கிங்கில் அரைமணி நேரம் நின்றால் போதும், பிக்கப் வண்டியைப் பற்றிய பாதி விஷயம் விளங்கிவிடும். மரம், சிமென்ட், பெயின்ட், குழாய், ஆணி என்று வீடு கட்டவும் ஒட்டுப்போடவும் தேவையான அத்தனையும் விற்கும் கடை அது. இரண்டு பேர் எட்டுக்கு நாலு ப்ளைவுட் பலகையைத் தூக்கிவந்து ஒரு பிக்கப்பின் பாடியில் சரிக்கிறார்கள். பக்கத்தில், அதைவிட ஒரு சுற்றுப் பெரிய பிக்கப்பிலிருந்து ஒருவர் இறங்குகிறார். உள்ளே போய் நாலு பல்பு வாங்கிக்கொண்டு திரும்புகிறார்.

நமக்குப் பிக்கப் என்றால் சின்ன யானையும் பொலீரோவும்தான். காலையில் காய்கறி, மாலையில் வீடு மாற்றும் சாமான் என்று, சுமக்காத நேரத்தில் அதற்கு வேலையே இல்லை. அமெரிக்கப் பிக்கப் வேறு ஜாதி. ஐந்து பேர் உட்காரும் தோல் இருக்கை, ஏசி, பெரிய திரை எல்லாம் உள்ள குடும்பக் கார். பின்னால் மட்டும் திறந்த பாடி. ஃபோர்டின் எஃப் வரிசைதான் 1977 முதல் அங்கே அதிகம் விற்கும் டிரக். ஸ்ட்ராடஜிக் விஷன் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் சில வருடங்களுக்கு முன் பிக்கப் சொந்தக்காரர்களிடம் கேட்டபோது, நாலில் மூன்று பேர் வருடத்துக்கு ஒருமுறை, அல்லது அதுவும் இல்லாமல்தான் டிரெய்லர் இழுப்பதாகச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவர்கள் பாடியில் சுமை ஏற்றுவதே வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் இல்லை.

இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் இப்போது அங்கே வாங்குபவர்கள் கேட்கும் கேள்விக்கு வரவேண்டும்: பிக்கப்பை மின்சாரத்தில் வாங்குவதா, ஹைப்ரிட்டில் வாங்குவதா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது என்பது என் கட்சி. இந்த வண்டி எவ்வளவு பெரிதாக இருந்தாக வேண்டும்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மின்சாரமா ஹைப்ரிட்டா என்ற வழக்கு பாதி தீர்ந்துபோகும்.

ஒப்பிடுவதற்கு வெளியே அலைய வேண்டியதில்லை. ஃபோர்டு ஒரே கம்பெனியாக இருந்தும் மூன்று விதமான பதில்களைச் சந்தையில் வைத்தது. முதலாவது எஃப்-150 லைட்னிங், முழு மின்சாரம். 2022 ஏப்ரலில் மிச்சிகன் மாநிலம் டியர்போர்னில் உள்ள ரூஜ் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது. இரண்டாவது எஃப்-150 பவர்பூஸ்ட். அதே பெரிய உடம்பு, ஆறு சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு மின் மோட்டார். 2021 மாடலாக வந்தது. மூன்றாவது மேவரிக். சின்ன உடம்பு, நாலு சிலிண்டர் எஞ்சின், ஹைப்ரிட். 2021 ஜூனில் அறிமுகமானபோது விலை 19,995 டாலர்.

ஹைப்ரிட் என்றதும் சுவரில் செருக வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த இரண்டு ஹைப்ரிட்டுக்கும் பிளக்கே கிடையாது. பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகும் வேகத்தை மோட்டார் பிடித்துப் பேட்டரியில் போட்டு வைக்கிறது, அடுத்த முறை கிளம்பும்போது எடுத்துக் கொடுக்கிறது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் நகர ஓட்டத்தில்தான் இந்த வித்தை பலிக்கும். மேவரிக் ஊருக்குள் லிட்டருக்குச் சுமார் 18 கிலோமீட்டரும் நெடுஞ்சாலையில் 14-ம் கொடுப்பது அதனால்தான். பெட்ரோல் வண்டி எல்லாம் நெடுஞ்சாலையில் அதிகம் கொடுக்கும் என்று பழகிய நமக்கு இது தலைகீழ்.

இனி கொஞ்சம் கணக்கு. கிலோவாட்-மணி என்று பொறியாளர்கள் சொல்வதை நாம் கரண்ட் பில்லில் யூனிட் என்று சொல்கிறோம். லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 யூனிட் தரும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் நூறு யூனிட்டை ஊற்றினாலும் அது நிரம்பாது. அந்தப் பேட்டரியின் எடை சுமார் 800 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 9 யூனிட். அப்படியானால் 800 கிலோ பேட்டரியில் இருப்பது வெறும் 15 லிட்டர் பெட்ரோலின் ஆற்றல்தான். ஸ்கூட்டர் டேங்க் மூன்றில் அடங்கிவிடும்.

அந்தப் பதினைந்து லிட்டரை வைத்துக்கொண்டு லைட்னிங் 515 கிலோமீட்டர் போகிறது என்பதுதான் மின்சாரத்தின் பெருமை. பெட்ரோல் எஞ்சின் குடிப்பதில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது. மோட்டாரில் அந்த ஊதாரித்தனம் இல்லை. ஆனால் சிக்கனக்காரனுக்கும் கையிருப்பு குறைவாக இருந்தால் அவசரச் செலவு வரும்போது தடுமாற்றம்தான். பவர்பூஸ்ட் ஊதாரி. ஆனால் அதன் டேங்க் 116 லிட்டர். அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு மேல். இந்த ஒரு வேறுபாட்டை மறக்காமல் இருந்தால், இனி வரும் நல்லது கெட்டது எல்லாம் தானாக விளங்கும்.

முதலில் நல்லது. அன்றாட ஓட்டத்துக்கு என்ன செலவு? லைட்னிங் நூறு கிலோமீட்டருக்குச் சுவரிலிருந்து சுமார் 30 யூனிட் இழுக்கிறது, சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து. யூனிட் 17 சென்ட், பெட்ரோல் காலன் 3 டாலர் 20 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். லைட்னிங்குக்கு நூறு கிலோமீட்டருக்கு ஐந்து டாலர் சொச்சம். லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுக்கும் பவர்பூஸ்டுக்கு எட்டரை டாலர். இதுவரை மின்சாரம்தான் ஜெயிக்கிறது.

மூன்றாவது ஆளைக் கூப்பிடுங்கள். மேவரிக்குக்கு ஆகும் செலவு ஐந்து டாலர் நாற்பது சென்ட்! பிளக்கே இல்லாத, வெறும் 1.1 யூனிட் பேட்டரி வைத்திருக்கும் சின்ன வண்டி, 131 யூனிட் சுமக்கும் பெரிய வண்டியோடு தோளோடு தோள் நிற்கிறது. காரணம் மாயமில்லை. லைட்னிங் ஏறக்குறைய மூன்று டன். மோட்டாரின் சிக்கனத்தில் கணிசமான பங்கை அந்த உடம்பே தின்றுவிடுகிறது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, தீனி மலிவாக இருந்தாலும் யானை யானைதான்.

ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு புரளும். கலிபோர்னியாவில் வீட்டு மின்சாரம் யூனிட் முப்பது சென்ட்டுக்கு மேல். அங்கே பெட்ரோல் விலையும் அதிகம் என்றாலும், மேவரிக் லைட்னிங்கைவிட மலிவாக ஓடும். அணை மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் லைட்னிங்கை எவராலும் நெருங்க முடியாது. புகைக் கணக்கிலும் இதே கதை. அணைத் தண்ணீரில் ஓடும் வண்டியும், நிலக்கரி எரிக்கும் மேற்கு வர்ஜீனியாவில் ஓடும் வண்டியும் ஒரே அளவு சுத்தமாக இருக்க முடியாது. நெடுஞ்சாலையோர வேகச் சார்ஜரில் யூனிட்டுக்கு ஐம்பது சென்ட் கொடுக்க நேர்ந்தாலோ நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து டாலர் ஆகிவிடும். பவர்பூஸ்ட் ஊதாரியே தேவலாம் என்று தோன்றும். ஆக, மின்சார பிக்கப்பின் லாபம் வண்டியில் இல்லை, வீட்டுச் சுவரில் இருக்கிறது.

அந்தச் சுவரைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்க வீட்டுச் சாதாரண பிளக் பாயின்ட் 120 வோல்ட். நம் வீட்டு 230 வோல்ட்டில் பாதிதான். அதில் லைட்னிங்கைச் செருகினால் காலியான பேட்டரி நிரம்ப நாலு நாளுக்கு மேல் ஆகும். துணி உலர்த்தும் மெஷினுக்கும் மின் அடுப்புக்கும் தனியாக 240 வோல்ட் லைன் இழுத்திருப்பார்கள், அதுபோல இன்னொன்று கார் நிறுத்துமிடத்துக்கு இழுக்க வேண்டும். இழுத்துவிட்டால் வாழ்க்கை சுகம். சராசரி அமெரிக்கர் ஒருவர் நாளுக்கு ஓட்டுவது சுமார் 50 கிலோமீட்டர். அதற்கு 15 யூனிட். ராத்திரி சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் திரும்ப ஏறிவிடும். ஆயில் மாற்ற வேண்டியதில்லை. பிரேக் கட்டை அதிகம் தேயாது. பெட்ரோல் பங்க் எப்படி இருக்கும் என்பது மறந்துபோகும். அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு, தெருவில் வண்டி நிறுத்துபவருக்கு இதில் ஒரு வரிகூடப் பொருந்தாது. அவர் மின்சார பிக்கப்பைப் பற்றி யோசிக்காமல் இருப்பதே நல்லது.

தொழிலுக்கு ஓட்டுபவர்கள் விஷயத்தில் மின்சாரம் எதிர்பாராத அளவுக்குப் பொருந்தி வருகிறது. பிளம்பர், எலெக்ட்ரீஷியன், மரவேலைக்காரர் எல்லோரும் காலையில் ஒரே இடத்திலிருந்து கிளம்பி மாலையில் அங்கேயே திரும்புகிறவர்கள். நாளுக்கு நூறு கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் லைட்னிங்குக்கு 400 லிட்டர் முன் டிக்கி. மழை படாது, பூட்டிக்கொள்ளலாம். ட்ரில் மெஷின், ரம்பம், கம்ப்ரசர் எல்லாவற்றையும் வண்டியிலேயே செருகி ஓட்டலாம். ஜெனரேட்டர் சத்தம் இல்லை என்பதால், காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கினாலும் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து முறைக்க மாட்டார்.

வண்டியில் பிளக் பாயின்ட் என்ற யோசனையே புதிதல்ல என்பது இங்கே ஒரு சின்ன வேடிக்கை. ஜெனரல் மோட்டார்ஸ் 2004-ஐ ஒட்டிக் கொஞ்சமாக விற்ற சில்வராடோ ஹைப்ரிட்டின் பாடியிலேயே பிளக் பாயின்ட் வைத்திருந்தார்கள். பெட்ரோல் மிச்சம் சொற்பம், ஆனால் கட்டுமான இடத்துக்குக் கரண்டைக் கொண்டுபோகலாம். அதன் அருமை தெரியாமல் போய் வண்டியும் மறைந்தது. அருமை தெரிய ஒரு பனிப்புயல் தேவைப்பட்டது.

2021 பிப்ரவரி. டெக்சாஸில் வரலாறு காணாத குளிர். மின் கட்டமைப்பு முறிந்து, லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருளில் உறைந்தன. அப்போது பவர்பூஸ்ட் வைத்திருந்த சிலர் வாசலில் நின்ற வண்டியிலிருந்து ஒயர் இழுத்து ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் ஓட்டினார்கள். அந்த வண்டியில் 7.2 கிலோவாட் வரை எடுக்கும் வசதி உண்டு. கம்பெனியே டெக்சாஸ் டீலர்களிடம் கையிருப்பில் உள்ள வண்டிகளைத் தேவைப்பட்டவர்களுக்கு இரவல் கொடுக்கச் சொன்னது. விளம்பரத்துக்குக் கோடி கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம். அடுத்த வருடம் லைட்னிங் வந்தபோது அது 9.6 கிலோவாட் கொடுத்தது. பெரிய பேட்டரி ஒரு வீட்டை மூன்று நாள் தாங்கும் என்று ஃபோர்டு சொன்னது.

இந்தப் போட்டியில் எனக்கு இரண்டு மனசு. மின்சார வண்டி சத்தமில்லாமல், புகையில்லாமல் ஷெட்டுக்குள்ளேயே நின்று கரண்ட் கொடுக்கும். பெட்ரோல் எஞ்சினை மூடிய ஷெட்டுக்குள் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். அதே டெக்சாஸ் குளிரில், கதகதப்புக்காக ஷெட்டுக்குள் காரை ஓடவிட்டு இறந்தவர்கள் உண்டு. ஆனால் நாலாவது நாளும் கரண்ட் வரவில்லை என்றால் லைட்னிங் கைவிரித்துவிடும், பவர்பூஸ்டுக்கு ஒரு கேன் பெட்ரோல் ஊற்றலாம். தவிர, லைட்னிங்கை வீட்டின் மெயின் போர்டோடு இணைத்துத் தானாக ஓட வைக்கத் தனிக் கருவிகள் வேண்டும். பொருத்தும் கூலியோடு பல ஆயிரம் டாலர். ஒயர் இழுத்து ஃபிரிட்ஜ் ஓட்டுவதற்கு அது தேவையில்லை.

இனி மின்சார பிக்கப்பின் பலவீனமான இடம். டிரெய்லர்.

அமெரிக்கர்கள் டிரெய்லரில் இழுப்பது படகு, குதிரை, இன்னொரு கார், கேம்பர் என்ற, விடுமுறைக்குத் தங்கும் நகரும் வீடு. லைட்னிங்கின் விவரப் பட்டியலில் நாலரை டன் இழுக்கும் என்று எழுதியிருக்கிறது. இழுக்கும், சந்தேகமே இல்லை. மோட்டாரின் இழுவிசை அபாரம், 580 குதிரைத்திறன். மேட்டில் நிறுத்திக் கிளப்பினால் பெட்ரோல் வண்டி வெட்கப்படும். எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதுதான் பட்டியலில் இல்லாத கேள்வி.

மோட்டார் டிரெண்ட் பத்திரிகை 2022-ல் இதைச் சாலையில் சோதித்தது. முழு சார்ஜில் 480 கிலோமீட்டர் போகவேண்டிய ஒரு லைட்னிங் ரகம், ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் குறைவான கேம்பரை மாட்டியபோது 185 கிலோமீட்டர் போனது. மூன்றேகால் டன் கேம்பரை மாட்டியபோது 145. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியும் தூரம் நாற்பது கிலோமீட்டர்தான் குறைந்தது. எடையைவிடப் பெரிய எதிரி காற்று. கேம்பர் என்பது சக்கரம் வைத்த சுவர். நெடுஞ்சாலை வேகத்தில் அந்தச் சுவரைக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போவதற்குத்தான் பேட்டரி கரைகிறது. தட்டையான டிரெய்லரில் அதே எடைக்குச் செங்கல் ஏற்றியிருந்தால் கதை இவ்வளவு மோசமாக இருந்திருக்காது.

பெட்ரோல் வண்டிக்கும் இதே அடி விழும், மைலேஜ் பாதியாகும். அதை யாரும் செய்தியாக்குவதில்லை. ஏனென்றால் 116 லிட்டர் டேங்க் பாதி மைலேஜிலும் 400 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகும். பிறகு ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு கிளம்பலாம். லைட்னிங் வேகச் சார்ஜரில் 15 சதவீதத்திலிருந்து 80-க்கு வர 41 நிமிடம். பெரிய கேம்பரோடு அந்தச் சார்ஜ் சுமார் 95 கிலோமீட்டருக்கு வரும். ஒரு மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும் என்று அர்த்தம்.

அந்த முக்கால் மணிக்கும் முன்னால் ஒரு கூத்து இருக்கிறது. சார்ஜிங் இடங்களில் பெரும்பாலானவை கடை வாசலில் கார் நிறுத்தும் கட்டங்கள். மூக்கை உள்ளே நுழைத்து நிறுத்தும்படி அமைத்தவை. பெட்ரோல் பங்கில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போவதுபோல டிரெய்லரோடு நுழைய முடியாது. எனவே டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டு, வண்டியை மட்டும் ஓட்டிவந்து சார்ஜ் போட்டு, திரும்பப் போய் மாட்ட வேண்டும். ஒரு முறை செய்தால் அனுபவம். ஒரே நாளில் மூன்று முறை, பின்சீட்டில் இரண்டு குழந்தைகளோடு செய்தால் குடும்பத்தில் சமாதானம் நிலைக்காது. 2024 முதல் டெஸ்லாவின் சார்ஜர்களும் ஃபோர்டு வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டன. இடம் கூடியது, கட்டத்தின் நீளம் கூடவில்லை.

சுமை ஏற்றினால்? ட்ரிபிள் ஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் லைட்னிங்கின் பாடியில் 635 கிலோ மணல் மூட்டை ஏற்றிப் பார்த்தது. 447 கிலோமீட்டர் 338 ஆனது, கால்வாசி போயிற்று. அவ்வளவு மூட்டையோடு தினமும் 300 கிலோமீட்டர் யார் போகிறார்கள்? இது பொருட்டில்லை. குளிர் பொருட்டு. உறைநிலைக்கு ஏழு டிகிரி கீழே ஹீட்டர் போட்டு ஓட்டினால் மின்சார வண்டிகளின் தூரம் சராசரியாக 41 சதவீதம் குறைந்ததாக அதே சங்கம் 2019-ல் கண்டது. அந்தச் சோதனை பிக்கப்புகளில் நடந்ததல்ல, கார்களில். பெட்ரோல் எஞ்சின் வீணாக்கும் வெப்பத்தைக் குளிர்காலத்தில் இலவசமாக ஹீட்டருக்கு விடலாம். மோட்டார் சிக்கனமானது, அதனிடம் கொடுக்க மிச்ச வெப்பம் இல்லை. மினசோட்டாவில் ஜனவரி மாதம் படகோட்டப் போகிறவர் இல்லை என்பது ஒரு ஆறுதல்.

மற்ற கம்பெனிகளை வேகமாகக் கடந்துவிடலாம். சில்வராடோ மின்சார வண்டி 700 கிலோமீட்டருக்கு மேல் போகும். அதற்காக 200 யூனிட்டுக்கு மேல் பேட்டரியைச் சுமந்துகொண்டு நாலு டன்னை நெருங்குகிறது. தூரம் போதவில்லையா, இன்னும் பேட்டரி. பேட்டரி கனக்கிறதா, அதை இழுக்க இன்னும் பேட்டரி. ரிவியன் கம்பெனியின் ஆர்1டி ஓட்ட அருமையான வண்டி, மலைப்பாதையில் கூடாரம் அடிக்கப் போகிற பணக்காரர்களுக்கானது. டெஸ்லாவின் சைபர்டிரக் 2019-ல் 39,900 டாலருக்கு வாக்களிக்கப்பட்டு 2023 இறுதியில் கைக்கு வந்தபோது கிடைத்தது எண்பதாயிரம் டாலர் வண்டிதான். அன்றாடப் பயன்பாடு என்ற தலைப்பில் அதைப் பேசுவது இடத்தை வீணடிப்பது. டொயோட்டாவின் டண்ட்ரா, டகோமா ஹைப்ரிட்களில் மோட்டார் இருப்பது பெரும்பாலும் வலுவுக்காக. பெட்ரோல் மிச்சம் பிடிக்க அதை வாங்கினால் ஏமாற்றமே.

மேவரிக்குக்குத் திரும்புகிறேன், எனக்கு அதன்மேல் ஒரு பட்சபாதம் உண்டு. அதன் பாடி நாலரை அடிதான். எட்டடிப் பலகை எப்படி ஏறும்? பின்கதவைப் பாதித் திறப்பில் நிறுத்தினால் சக்கர மேடுகளின் உயரத்துக்குச் சரியாக வருகிறது. பலகை இரண்டின் மேலும் சமமாகப் படுத்துக்கொள்ளும். கயிறு கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். ஹைப்ரிட் மாடல் முதலில் 900 கிலோதான் இழுத்தது, 2025 மாடலில் நாலு சக்கர இழுவையோடு வாங்கினால் 1,800 கிலோ. ஒரு சின்னப் படகுக்குப் போதும். முதல் வருடம் ஹைப்ரிட்டுக்கு வந்த கூட்டத்தில், 2022 ஜனவரியிலேயே ஆர்டர் எடுப்பதை நிறுத்தினார்கள்.

இவ்வளவு பேர் விரும்பும் சின்ன பிக்கப்பை ஏன் இத்தனை நாள் யாரும் விற்கவில்லை? அதற்குப் பின்னால் ஒரு கோழி இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழிக்கறி மலிவாக வந்து குவிவதைத் தடுக்க பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் வரி போட்டன. பழிக்குப் பழியாக அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனின் அரசு இறக்குமதி டிரக்குகள் மேல் 25 சதவீத வரி விதித்தது, 1964-ல் அமலுக்கு வந்தது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது, டிரக் வரி இன்றும் நிற்கிறது. வெளிநாட்டுச் சின்ன பிக்கப்புகள் வாசலிலேயே தடுக்கப்பட்டதால், உள்நாட்டுக் கம்பெனிகள் லாபம் கொழுத்த பெரிய வண்டிகளையே வளர்த்துக்கொண்டிருந்தன. மேவரிக் மெக்சிகோவின் எர்மோசியோவில் தயாராகிறது. வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் நிழலில் அந்த 25 சதவீதத்துக்குத் தப்பித்துத்தான் 19,995 என்ற விலை சாத்தியமாயிற்று. இப்போது அது 28,000-ஐ ஒட்டி நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

லைட்னிங்கின் விலைக்கதை இன்னும் சோகம். அறிவிக்கும்போது 39,974 டாலர். இரண்டு லட்சம் பேர் வரிசையில் பெயர் கொடுத்தார்கள். 2023 வசந்தத்தில் தொடக்க விலையே அறுபதாயிரத்தைத் தொட்டது, ஜூலையில் பத்தாயிரம் குறைத்தார்கள். அதற்குள் வரிசை கலைந்துவிட்டது. 2024-ல் விற்றவை சுமார் 33,500. அதே வருடம் மேவரிக் 1,31,000-க்கு மேல், பெரிய எஃப்-150 ஹைப்ரிட் 70,000-க்கு மேல். 2025 செப்டம்பர் 30-ஓடு அரசு கொடுத்துவந்த 7,500 டாலர் வரிச்சலுகை முடிந்தது. அதே மாதம் நியூயார்க் மாநிலத்தில் ஃபோர்டுக்கு அலுமினியம் கொடுக்கும் ஆலையில் தீ. இருக்கும் அலுமினியத்தை எந்த வண்டிக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்தபோது கம்பெனி பெட்ரோலையும் ஹைப்ரிட்டையும் தேர்ந்தெடுத்து, லைட்னிங் வரிசையை நிறுத்தி வைத்தது. டிசம்பரில் நிரந்தரமாகவே நிறுத்துவதாக அறிவித்து, மின்சார வண்டித் திட்டங்களைத் திருத்தியமைத்ததற்கு 19.5 பில்லியன் டாலர் நட்டக் கணக்கு எழுதியது.

லைட்னிங் என்ற பெயர் மட்டும் திரும்பி வருமாம், வேறு வயிற்றோடு. சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார் மட்டுமே. கூடவே ஒரு பெட்ரோல் எஞ்சின் உட்கார்ந்து கரண்ட் உண்டாக்கிக்கொண்டே வரும். மொத்தம் 1,100 கிலோமீட்டருக்கு மேல் போகும் என்கிறார்கள். ராம் கம்பெனியும் இதே பாதையில்தான், தன் முழு மின்சாரப் பிக்கப்பை 2025-ல் கைவிட்டுவிட்டு 92 யூனிட் பேட்டரியோடு ஒரு ஆறு சிலிண்டர் ஜெனரேட்டரைச் சேர்த்த வண்டியில் நம்பிக்கை வைத்தது. பெரும் புதுமை என்று விளம்பரம் செய்வார்கள். நம் ஊர் டீசல் ரயில் எஞ்சின் இத்தனை வருடமாக ஓடுவது இந்த முறையில்தான்: டீசல் ஜெனரேட்டரைச் சுற்ற, கரண்ட் சக்கரத்தைச் சுற்றும்.

டிரெய்லர்க்காரர்களுக்கு இதுதான் சரியான விடை என்று நினைக்கிறேன். வார நாட்களில் வீட்டுக் கரண்ட், கோடை விடுமுறைக்குப் பெட்ரோல். ஆனால் பெரிய பேட்டரியும் எஞ்சினும் ஒரே வண்டியில் என்றால் இரண்டின் விலையும் இரண்டின் பழுதும் ஒரே தலையில். ஒரு லைட்னிங் பேட்டரியின் அளவை வைத்து நூறு மேவரிக்குகளுக்கு மேல் பேட்டரி போடலாம் என்ற கணக்கும் என்னை உறுத்துகிறது. டொயோட்டா இதையே 1:6:90 என்று சொல்லும். ஒரு முழு மின்சார வண்டிக்கு ஆகும் மூலப்பொருளில், சுவரில் செருகும் பிளக்-இன் ஹைப்ரிட் ஆறு, அல்லது தொண்ணூறு சாதாரண ஹைப்ரிட் செய்யலாம் என்று. மின்சார வண்டியில் பின்தங்கிய கம்பெனி சொல்லும் கணக்கு என்பதால் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் விழுங்க வேண்டும். கணக்கு தப்பில்லை.

தனி வீடும், ஷெட்டில் 240 வோல்ட்டும், ஊருக்குள்ளேயே தொழிலும் உள்ளவர், பழைய லைட்னிங் ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மாதம் இரண்டு முறை படகை மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போகிறவர் பவர்பூஸ்டை விட்டு நகரவேண்டியதில்லை. பல்பு வாங்க வருகிறவர், வருடத்துக்கு ஒருமுறை ப்ளைவுட் வாங்குகிறவர் எல்லோருக்கும் மேவரிக் அதிகமாகவே போதும். அந்த ஒரு நாளுக்கு மட்டும் வேண்டுமானால், ஹோம் டிப்போவே வாசலில் பிக்கப்புகளை நிறுத்தி மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது.

மின்சாரமும் சிறுத்துத்தான் வரப்போகிறது. 2025 ஏப்ரலில் ஸ்லேட் என்ற புதுக் கம்பெனி இரண்டே பேர் உட்காரும், கையால் கண்ணாடி இறக்கும் சின்ன மின்சாரப் பிக்கப்பைக் காட்டியது. பேட்டரி 53 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, தூரம் 240 கிலோமீட்டர். ஃபோர்டும் 2027-ல் 30,000 டாலருக்கு ஒரு நடுத்தர மின்சாரப் பிக்கப் என்று சொல்லியிருக்கிறது. அறிவித்த விலைக்கும் கைக்கு வரும் விலைக்கும் உள்ள உறவை மேலே பார்த்துவிட்டோம்.

ஃபோர்டு முதன்முதலில் தொழிற்சாலையிலேயே பாடி கட்டி விற்ற பிக்கப் 1925 ஏப்ரலில் வந்தது. மாடல் டி காரின் பின்பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி. விலை 281 டாலர், எஞ்சின் 20 குதிரைத்திறன், பாடியின் நீளம் 56 அங்குலம். மேவரிக்கின் பாடியை அளந்தால் 54 வருகிறது.